சபூரும் சம்பாத்தியமும்

அல்ஹம்து லில்லாஹ்! புகழனைத்தும் அகிலத்தைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நான் இமாமத் செய்யும் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். மகள் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு தூணுக்கு அப்பால் ஒதுங்கி நின்றார். "ஹஜ்ரத், மருமகன் கை நீட்டுறார். போன வாரம் ராத்திரி தெருவுக்கே சத்தம் கேட்டிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார் பெரியவர்.

மருமகனிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை நான் மகளிடம் சொன்னேன். "சபூர் செய்யம்மா. அல்லாஹ் அவர் மனசை மாத்துவான்" என்றேன். தண்ணீரும் ஓதிக் கொடுத்தேன். அச்சகோதரி ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்து இடது கையில் மாவுக்கட்டுடன் அவரைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கையை ஒடித்தவன் அந்தக் கணவன்தான். ஆனால் அவரை அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய சொல் என்னுடையது. அந்தச் சொல்லுக்குக் கஃப்பாராவாக இக்கட்டுரையை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சபூர் எது?

சபூர் ஈமானின் பெரும் பகுதி. அதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் சபூர் என்றால் வாய் மூடி அடி வாங்குவது என்று நமக்குக் கற்பித்தது யார்?

நபி ஐயூப் (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென்று ரப்பிடம் முறையிட்டார்கள். முறையிட்ட அந்த நபியைத்தான் அல்லாஹ் 'ஸாத்' அத்தியாயத்தில் பொறுமையாளர் என்று பாராட்டுகிறான். கணவர் தமக்கிழைத்த அநீதியை நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடிய அன்னை கவ்லா (ரலி) அவர்களின் குரலை ஏழு வானங்களுக்கு மேலிருந்து கேட்டதாக அல்லாஹ் அறிவிக்கிறான். ஓர் அத்தியாயத்துக்கே 'வாதாடுபவள்' என்று பொருள்படும் 'முஜாதிலா' என்ற பெயர் அமைந்துவிட்டது. முறையிடுவது சபூருக்கு எதிரானதாயின், அம்மாதரசியின் முறையீடு கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் இடம்பெற்றிருக்குமா?

ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் சம்பவத்தை மதரஸாவில் குல்உ பாடத்தில் ஓதுகிறோம். கணவர் அடித்ததில் அவர்களுடைய உடலில் ஓர் உறுப்பு முறிந்தது. விடியற்காலையில் நாயகம் (ஸல்) அவர்களின் வாசலுக்கு வந்து நின்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அம்மாதைத் திருப்பி அனுப்பவில்லை. ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, கொடுத்த மஹரைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடும்படி ஏவினார்கள். அன்று அந்த வாசலில் கிடைத்தது தீர்ப்பு. என் பள்ளிவாசல் திண்ணையில் கிடைத்ததோ ஓதிய தண்ணீர். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

'நிஸா' அத்தியாயத்தின் ஓர் ஆயத்தைக் காட்டி, அடிக்க ஆணுக்கு உரிமையுண்டு என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த ஆயத்துக்கு விளக்கம் எழுதிய ஃபுகஹாக்கள் காயமோ தழும்போ உண்டாகக் கூடாது, முகத்தில் கை படக் கூடாது, அடிக்காமல் விடுவதே மேல் என்றெல்லாம் வரம்பு கட்டினார்கள். உடலுக்குச் சேதம் விளைந்தால் கணவனே பொறுப்பாளி என்றும் எழுதினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளரையும் அடித்ததே இல்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி கூறுகிறார்கள். அந்தச் சுன்னத்தை விட்டுவிட்டு, வேறெந்தச் சுன்னத்தைத் தேடிப் போகிறோம்?

இது நம் சமுதாயத்துக்கு மட்டும் உரிய நோயன்று. 2019-21இல் நாடு முழுவதும் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் ஏறத்தாழப் பத்தில் மூவர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறர் வீட்டிலும் உண்டு என்பதால் நம் வீட்டுக் குற்றம் குறைந்துவிடாது.

மத்யன் கிணற்றடியில்

கொடுமையிலிருந்து வெளியேறி வந்தவருக்கு என்ன செய்வது? நாம் செய்வதெல்லாம் இரண்டுதான். சிலர் ஏசுகிறோம். சிலர் இரக்கப்பட்டு அரிசி கொடுக்கிறோம். மூன்றாவது வழியொன்றைத் திருமறை காட்டுகிறது.

நபி மூஸா (அலை) அவர்கள் உயிருக்கு அஞ்சி மிஸ்ரை விட்டு வெளியேறினார்கள். கையில் ஒன்றுமில்லை. மத்யனை அடைந்து, கிணற்றடியில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, நிழலில் ஒதுங்கி, நீ எந்த நன்மையை இறக்கினாலும் அதற்கு நான் தேவையுடையவன் என்று ரப்பிடம் கேட்டார்கள். அந்தத் துஆ எப்படி கபூலானது என்பதை 'கஸஸ்' அத்தியாயத்தில் ஓதிப் பாருங்கள்.

முதலில் அப்பெண்களின் தந்தை அவர்களை வீட்டுக்கு அழைத்து, நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாவதாக, பயப்படாதீர், அநியாயக்காரக் கூட்டத்திடமிருந்து நீர் தப்பிவிட்டீர் என்று அபயம் கொடுத்தார். மூன்றாவதாக, மகள் ஒருத்தி இவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்ல, எட்டு ஆண்டு என்று தவணை பேசி வேலை கொடுத்தார். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்றும் சொன்னார்.

செவி, அபயம், வேலை. இந்த வரிசையைக் கவனியுங்கள். 'ஊரை விட்டு ஓடி வந்தாயே, நீ என்ன செய்தாய்?' என்று அவர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. 'பொறுத்துக்கொண்டு மிஸ்ருக்கே திரும்பிப் போ' என்று சொல்லவில்லை. ஒரு வேளை உணவு போட்டு வழியனுப்பிவிடவும் இல்லை. வந்தவரின் உடல் வலிமைக்கும் அமானிதத்துக்கும் மதிப்புக் கொடுத்து, உழைத்து உண்ண வழி செய்தார். அல்லாஹ்வின் நபியே உழைத்துக் கூலி பெற்று மீண்டும் நிமிர்ந்தார்கள் என்றால், அடிபட்டு வந்த நம் சகோதரி உழைப்பது குடும்பத்துக்கு எப்படி இழிவாகும்?

இத்தாவில் தோட்டத்துக்குப் போன மாது

மேலே சொன்ன சகோதரியின் விஷயத்துக்கு வருகிறேன். ஜமாஅத்தில் விசாரணை நடந்து திருமண பந்தம் குல்உ முறையில் முறிந்தது. மஹர், நகை, சீர் சாமான் என்று பட்டியல் வாசித்தார்கள். அப்போது தம் வாப்பாவின் மூலம் அவர் ஒன்றைக் கேட்கச் சொன்னார். "என் தையல் மிஷின் எங்கே?"

கூடியிருந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். பவுன் பேச்சு நடக்குமிடத்தில் பழைய மிஷின் பேச்சா என்றார்கள். நிகாஹுக்கு முன் அந்த மிஷினில்தான் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் புர்காவும் தைத்து அவர் சம்பாதித்து வந்தார். மணமான இரண்டாம் ஆண்டிலேயே கணவன் அதை விற்றுவிட்டான். பெண்ணின் உடைமை பெண்ணுக்கே உரியது, கணவனுக்கு அதில் ஒரு ஊசியளவும் பாத்தியதை கிடையாது என்பது ஷரீஅத்தின் தெளிவான சட்டம். நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும் வழக்கமாக அடித்துத் துன்புறுத்துவதையும், மனைவியின் சொத்தை விற்றுவிடுவதையும் கொடுமையின் வகைகளாகவே சொல்கிறது. ஆகவே மிஷினின் விலையையும் அவன் கொடுக்க வேண்டுமென்று முடிவாயிற்று. அவன் ஒப்புக்கொண்டான், கொடுக்கவில்லை.

இத்தாவின் இரண்டாம் மாதத்தில், தைத்துச் சம்பாதிக்க விரும்புவதாக அவர் சொன்னபோது வீட்டில் புயல் எழுந்தது. காக்கா என் வீடு தேடி வந்துவிட்டார். "இத்தாவிலே இருக்கிறவ துணி வாங்க, கொடுக்க வெளியே போலாமா ஹஜ்ரத்? ஊர் என்ன சொல்லும்?"

நான் ஸஹீஹ் முஸ்லிமை எடுத்து வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு ஹதீஸைச் சொன்னேன். ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் தாயாருடைய சகோதரி தலாக் கொடுக்கப்பட்டு இத்தாவில் இருந்தார்கள். தம் பேரீச்சை மரங்களின் கனியைப் பறிக்கப் புறப்பட்டார்கள். ஒரு மனிதர் வெளியே போகக் கூடாதென்று கண்டித்தார். அம்மாது நேரே நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். போய்ப் பறித்துக்கொள்ளுங்கள், நீங்கள் அதிலிருந்து ஸதகா செய்யலாம், ஒரு நன்மை செய்யலாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடை கொடுத்தார்கள்.

ஸுப்ஹானல்லாஹ்! தடுத்த மனிதருக்கு ஊரின் பேச்சு தெரிந்தது. நாயகம் (ஸல்) அவர்களுக்கோ அம்மாதின் நாளைய நிலை தெரிந்தது. இன்று கேட்டு நிற்பவர் நாளை கொடுப்பவராக ஆகலாம் என்று கண்டார்கள்.

நம் ஷாஃபிஈ மத்ஹபில், மீட்டுக்கொள்ள முடியாதபடி பிரிந்துவிட்ட பெண் இத்தாவில் தன் தேவைகளுக்காகவும் நூற்ற நூலை விற்பதற்காகவும் பகலில் வெளியே போகலாம் என்று இமாம்கள் எழுதியுள்ளனர். மீட்டுக்கொள்ளும் தலாக்கின் இத்தாவுக்குச் சட்டம் வேறு. ஹனஃபி மத்ஹபில் விவரம் இன்னும் வேறுபடும். அவரவர் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடக்க வேண்டும். கேட்காமலே கதவைப் பூட்டுவதுதான் தவறு.

அரிசியா, மிஷினா?

ரமளான் வந்தது. பள்ளிவாசல் வாசலில் அரிசியும் எண்ணெயும் சேலையும் பங்கிட்டார்கள். அச்சகோதரி வரவில்லை. திமிர் என்றார் ஒருவர். என் வீட்டார் நேரில் போய் விசாரித்தார். அவரிடம் அச்சகோதரி சொன்ன பதிலை நான் மறக்கவே முடியாது. "லாத்தா, அரிசி கொடுக்கிறவங்க எல்லாரும் ஏன் வந்தே, என்ன நடந்துச்சுன்னு கேக்கிறாங்க. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவங்க எப்போ கிடைக்கும்னு மட்டும்தான் கேப்பாங்க."

சகோதரர்களே! இந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அடிப்பவனின் வீட்டில் ஒரு பெண் இழப்பது உடல் நலத்தை மட்டுமன்று. தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை இழக்கிறாள். எங்கே போகலாம், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதெல்லாம் இன்னொருவரின் நாவில் இருக்கிறது. வெளியே வந்த பின்னும் அவள் வயிறு நம்முடைய இரக்கத்தின் கையிலேயே இருந்தால், எஜமானர் மாறினாரேயன்றி நிலைமை மாறவில்லை. இரக்கம் இன்று வரும், நாளை நின்றுவிடும். வரும்போதும் கேள்விகளோடு வரும். தன் உழைப்பின் கூலியோ உரிமையாக வருகிறது. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு, பெண்களுக்கும் அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு என்பது 'நிஸா' அத்தியாயத்தின் தீர்ப்பல்லவா?

ஜகாத்தைப் பற்றி நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தார்கள் என்று பாருங்கள்! தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலின் கருவியை வாங்கும் அளவுக்குக் கொடுக்க வேண்டுமென்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதுகிறார்கள். கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்துத் திர்ஹம் போதும், இரத்தின வியாபாரம் தெரிந்தவருக்குப் பத்தாயிரம் திர்ஹம் வேண்டும் என்று உதாரணமும் காட்டுகிறார்கள். ஏழையை ஏழ்மையிலேயே வைத்து ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்துவது ஜகாத்தின் நோக்கமன்று.

ஊரிலுள்ள வணிகர் ஒருவரிடம் இந்தச் சட்டத்தைச் சொன்னேன். அவர் தம் ஜகாத்திலிருந்து மோட்டார் வைத்த தையல் மிஷின் ஒன்றை வாங்கி, அதை அச்சகோதரிக்கே சொந்தமாக்கிக் கொடுத்தார்.

அபயமில்லாத வேலை

கதை இங்கே முடிந்துவிட்டதென்று நான் நினைத்தேன். மத்யன் பெரியவரின் வரிசையை மறந்துபோனேன். அபயத்துக்குப் பின்தான் வேலை!

மிஷின் ஓடத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் பழைய கணவன் தெருவில் வந்து நின்று கூச்சலிட்டான். இரண்டு நாள் தொடர்ந்து வந்தான். துணி கொடுத்த பெண்கள் பயந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அடிபட்ட பெண் வேலைக்குத் திரும்புவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். வேலையிடத்தைக் கெடுத்துவிட்டால் அவள் மீண்டும் தன் காலடிக்கு வந்துவிடுவாள் என்று கொடுமைக்காரனுக்குத் தெரியும்.

பின்னர் ஜமாஅத் விழித்துக்கொண்டது. பெண்கள் மக்தப் நடக்கும் வீட்டின் உள்ளறைக்கு மிஷினை மாற்றினோம். இனி வந்தால் காவல் நிலையத்துக்குப் போவோம் என்று அவன் வீட்டாரிடம் சொல்லி அனுப்பினோம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, பெண் வேலை செய்யும் இடத்துக்குள் அவன் நுழையக் கூடாதென்று நீதிமன்றத்தில் உத்தரவு பெறலாம், அவளுடைய பொருள்களை மீட்கவும் உத்தரவு பெறலாம் என்பதை அப்போதுதான் அறிந்தோம். இச்சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். 181 என்ற எண்ணில் அழைத்தால் பெண்களுக்கான அரசின் உதவி கிடைக்கும். இவற்றை வீட்டுப் பெண்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள், அதாவது அவன் கையைப் பிடித்துத் தடுங்கள் என்ற நபிமொழியின் கருத்தை, சட்டத்தின் கை கொண்டு நிறைவேற்றுவதில் தவறென்ன?

சில ஆட்சேபங்கள்

'சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் பெண் சமாதானத்துக்கு இணங்க மாட்டாள்' என்கிறார்கள் சிலர். சமாதானம் நல்லதுதான். இரு தரப்பிலும் ஒரு நடுவரை அனுப்பும்படி அல்லாஹ்வே சொல்கிறான். ஆனால் பசியால் திரும்பிப் போவதற்குப் பெயர் சமாதானமா? கையில் நான்கு காசு இருந்து, போகாமலும் இருக்க முடியும் என்ற நிலையில் ஒருத்தி திரும்பிப் போனால், அதுவே மனமொப்பிய ஸுல்ஹு. கெடுதல் செய்யும் எண்ணத்தோடு பெண்களைத் தடுத்து வைக்காதீர்கள் என்று 'பகரா' அத்தியாயம் எச்சரிக்கிறது. பட்டினியும் ஒரு தடுப்புச் சுவர்தான்.

'செலவுக்குக் கொடுப்பது ஆணின் கடமை, பெண் ஏன் உழைக்க வேண்டும்?' என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்வி. அவள் உழைப்பதால் பிள்ளைகளின் நஃபகா தந்தையின் தலையிலிருந்து இறங்கிவிடாது. அதை வசூலித்துக் கொடுப்பது ஜமாஅத்தின் வேலை. 'அவளுக்குத்தான் வருமானம் இருக்கிறதே' என்று யாரும் அவனைத் தப்பவிடக் கூடாது.

'வெளியே போனால் ஹயா என்னாவது?' என்கிறார்கள் வேறு சிலர். ஹயாவின் சட்டங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு. அவற்றைப் பேணியே உழைக்கலாம். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கைகளால் உழைத்து ஸதகா செய்துவந்தார்கள். நம்மில் எவருடைய வீட்டு ஹயா அவர்களுடைய ஹயாவைவிட உயர்ந்தது?

கடையும் பள்ளிக்கூடமும் நடத்துவோருக்கு

நம்மில் ஜவுளிக்கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, தோல் பொருள் கம்பெனி நடத்துவோர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

இப்படிப்பட்ட சகோதரி ஒருவர் வேலை கேட்டு வந்தால், வேலை தெரியுமா என்று கேளுங்கள். வீட்டில் நடந்ததைக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் அதை அமானிதமாக வைத்திருங்கள். சம்பளத்தை அவர் கையிலோ அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலோ மட்டும் கொடுங்கள். கணவனோ அண்ணனோ வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்கு வருகிறார், எந்த வழியாகப் போகிறார் என்று தொலைபேசியில் கேட்பவருக்குச் சொல்லாதிருக்க உங்கள் ஊழியர்களைப் பழக்குங்கள். நீதிமன்றத்துக்கும் ஜமாஅத் விசாரணைக்கும் போக வேண்டிய நாட்களில் முகம் சுளிக்காமல் விடுப்புக் கொடுங்கள். பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் கணவன் வீட்டில் சிக்கியிருக்கலாம். நகல் வாங்கும் வரை பொறுத்திருங்கள்.

முதல் சில மாதங்கள் வேலை தடுமாறும். நம் சகோதரி வேலை செய்யும் அறையின் கதவை யாராவது பலமாகத் தட்டினால், அவர் கை உதறி ஊசி முறிந்துவிடும். தொழில் தெரியாததால் அல்ல. சத்தத்துக்குப் பின் அடி விழும் என்று உடல் பழகியிருந்தது. அவரிடம் குரலை உயர்த்தாமலிருப்பதே ஒரு ஸதகா.

போக்கிடமில்லாதவர்தானே என்று கூலியைக் குறைத்துவிடாதீர்கள். வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸீ புகாரியில் இருக்கிறது. அந்த வழக்கில் யார் வெல்ல முடியும்?

நிறைவாக

சென்ற ரமளானில் அச்சகோதரி என் வீட்டாரிடம் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, மக்தபில் ஓதும் யதீம் பிள்ளைகளுக்குப் பெருநாள் துணி வாங்கச் சொல்லியிருக்கிறார். தையல் கூலி தாமே போட்டுக்கொள்வதாகவும் சொன்னாராம். ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயாருடைய ஹதீஸை நான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இத்தாவின் சட்டமாக நடத்தி வந்தேன். அதன் இறுதியில் ஸதகா என்ற சொல் ஏன் வருகிறது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இப்போதும் அஸருக்குப் பின் அதே திண்ணையில் அமர்கிறேன். மகளையோ தங்கையையோ அழைத்துக்கொண்டு யாராவது வருகிறார்கள். சபூர் என்ற சொல்லை நான் விட்டுவிடவில்லை. ஆனால் முதலில் கேட்கிறேன். அன்றிரவு அவர் தங்கப் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்று விசாரிக்கிறேன். கைத்தொழில் என்ன தெரியும் என்று கேட்டு எழுதி வைக்கிறேன். அதன் பின்பே சபூரைப் பற்றிப் பேசுகிறேன். அதையும் பெரும்பாலும் அடித்தவனை அழைத்து, அவன் கோபத்தின் மீது அவன் செய்ய வேண்டிய சபூராகச் சொல்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளை அமைதியின் இல்லங்களாக ஆக்குவானாக! அநியாயம் செய்யும் கைகளைத் தடுக்கும் துணிவையும், அநியாயத்திலிருந்து தப்பி வந்தோருக்கு அபயமும் அலுவலும் கொடுக்கும் தவ்ஃபீக்கையும் நமக்கு நல்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.